வேகத்தைப் பற்றி அங்கம்மாவிடம் கேட்டார்கள்

நடுவட்டம் பேரூராட்சி அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது தேயிலை விலை விழுந்து கிடந்தது. குன்னூர் ஏலத்துக்குப் போன மூட்டைகள் கேட்க ஆளில்லாமல் தங்கிவிடுவதாகப் பேசிக்கொண்டார்கள். எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சில சரிவுகளைப் பறிக்காமலே விட்டுவிட்டதில், இடுப்பளவு நின்ற செடிகள் ஆளுயரம் வளர்ந்து காடாகிக்கொண்டிருந்தன. கோயமுத்தூரிலிருந்து புதிதாக மலையேறி வந்த எனக்கு அந்தக் காடு அழகாகத் தெரிந்தது. அங்கம்மா அதைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தச் செடிகளில் கால் நூற்றாண்டாகக் கொழுந்தெடுத்தவர் அவர்.

அங்கம்மா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடும்பமே அங்கேதான். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டபோது அங்கம்மாவின் அப்பா பெயர் இந்தியாவின் பக்கம் வந்தது. கல்யாணமாகியிருந்த அக்காவின் பெயர் இலங்கையின் பக்கமே நின்றுவிட்டது. பதுளை ரயில் நிலையத்தில் அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து இந்த மலையில் இறங்கியபோது அங்கம்மாவுக்குப் பதினாறு பதினேழு வயது. அதன் பிறகு இங்கேயே வேலை, இங்கேயே கல்யாணம். கணவர் அழகையா எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஒரே மகள் ரேணுகா.

எஸ்டேட்டில் வேலை குறைந்ததும் லயத்துப் பெண்கள் சோலூர்ப் பக்கம் கேரட் பிடுங்கக் கூலிக்குப் போனார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். அதுவரை அந்தப் பெண்களின் நடை முழுவதும் செடிகளுக்கு இடையே ஓடும் ஒற்றையடிப் பாதைகளில்தான். ஊட்டி–கூடலூர் தார்ச்சாலை அவர்களுக்கு எப்போதாவது பஸ் ஏறும் இடம், அவ்வளவே. இப்போது விடியும் முன்னே அந்தச் சாலையில் வரிசையாக நடந்து, வளைவில் நிற்கும் ஜீப்பில் ஏற வேண்டியிருந்தது.

நடுவட்டத்து மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வானத்திலிருந்து இறங்குவதில்லை. கூடலூர்ப் பள்ளத்திலிருந்து ஏறி வரும். ஒரு நிமிஷம் எதிரே கடையும் பஸ்ஸும் மரங்களும் இருக்கும். அடுத்த நிமிஷம் நீட்டிய கை தெரியாது. மைசூர் லாரிகளும் சுற்றுலா வேன்களும் அந்தப் பனிக்குள் ஹாரனை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தன.

ஓர் ஆடி மாதக் காலையில் அப்படி வந்த வேன் ஒன்று ரேணுகாவை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த அங்கம்மாவுக்கு வேனின் நிறம்கூடத் தெரியவில்லை. வளைவில் காத்திருந்த ஜீப்காரர் பொன்ராஜ் சத்தம் கேட்டு ஓடி வந்து ரேணுகாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார். தாய் தன் மடியில் மகளின் காலைச் சேலைத் தலைப்பால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கூடலூர் ஆஸ்பத்திரிவரை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிக்குள் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தமே மிஞ்சியிருக்காது என்றார் டாக்டர். உயிர் பிழைத்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வருஷத்திலேயே வேறு சிலரும் அடிபட்டார்கள். அதன் பிறகுதான் மாவட்ட நிர்வாகம், லயங்கள் ஒட்டியிருக்கும் பகுதியில் வாகன வேகத்தை நாற்பதிலிருந்து இருபதாகக் குறைக்கலாமா என்று யோசித்தது. முடிவெடுக்கும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய் அறிவிக்கும் வேலை எனக்கு விழுந்தது.

நான் அறிவித்து முடித்துவிட்டு ஆட்டோவில் ஏறப் போனபோது அங்கம்மா வந்து நின்றார். அவருடன் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஆபீஸ் அம்மா, கருத்துன்னு சொன்னீங்களே, யாரு கருத்து?”

“உங்க கருத்துதானுங்க்கா. இந்த ரோட்டோரம் குடியிருக்கறவங்க, நடக்கறவங்க, வண்டி ஓட்டறவங்க, எல்லாரோடதும்.”

“நாங்க சொன்னா எழுதிக்குவாங்களா?”

எழுதப்போவதே நான்தான் என்றேன். ஒலிபெருக்கியின் குழாயை ஏதோ கோயில் மணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“எங்கள கப்பல் ஏத்துறப்போ யாரும் கேக்கல. அக்காவ அங்கனயே விட்டுட்டுப் போறியான்னு கேக்கல. இந்த மலையா, வேற எடமான்னும் கேக்கல. வண்டி எம்புட்டு வேகம் போகலாம்னு இப்ப எங்ககிட்ட கேக்குறாங்களா?”

அரசு உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு அத்தகைய கூட்டங்கள் சிலவற்றை நான் பார்த்திருந்தேன். நாற்காலி, மைக், பிஸ்கட், டீ என்று முடிந்துபோகும். அந்த உத்தரவுக்கு இப்படி ஒரு கனம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து அங்கம்மா வீடு வீடாகப் போகத் தொடங்கினார். உங்கள் கருத்து என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டார். முதலில் சிரித்தார்கள். கூலியைக் கூட்டலாமா என்று கேட்டால் கருத்து சொல்லலாம், ரோட்டுக்கு என்ன கருத்து என்றார்கள். அவர் விடவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை. தான் நினைப்பதையும் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். மெல்ல மெல்ல அவர் வருவதற்குள் என்ன சொல்லலாம் என்று யோசித்து வைக்க ஆரம்பித்தார்கள். குழாயடியில்கூட அதே பேச்சு என்று ரேணுகா என்னிடம் பிறகு சொன்னாள்.

அப்படிக் கேட்டுப் போனதில்தான் யாரும் நினைக்காத சிக்கல் ஒன்று வெளியே வந்தது. பொன்ராஜ் காலையில் இரண்டு நடை அடிப்பார். முதல் நடையில் பாதிப் பெண்களைச் சோலூரில் இறக்கிவிட்டு, விரட்டிக்கொண்டு திரும்பி வந்து மீதிப் பேரை ஏற்றிப் போவார். கேரட் தோட்டக்காரர்கள் வெயில் ஏறிய பிறகு ஆள் எடுப்பதில்லை. சாலையில் வேகம் குறைந்தால் இரண்டாவது நடை நேரத்துக்குப் போய்ச் சேராது. ஜீப்பை நம்பியிருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். வேறு ஜீப்பும் இல்லை; டீசல் விற்கிற விலைக்கு மற்ற எல்லாரும் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

இது தெரிந்த பிறகு ஒரு சாயங்காலம் பெண்கள் சிலர் அங்கம்மா வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. ரேணுகா கட்டிலில் உட்கார்ந்திருக்க அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் ராஜகுமாரிதான் வாயைத் திறந்தாள். குழாயடியில் எல்லாரோடும் சண்டை போடுகிறவள் அவள். கூட்டத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பேச வேண்டாம் என்று கேட்டாள். நீ பேசினால் கேட்டுவிடுவார்கள், உன் மகளைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால்தான் கேட்கிறோம் என்றாள். அங்கம்மா அவர்கள் மேல் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர்கள் போன பிறகு ரேணுகாவிடமும் கேட்டாராம். இனி என் காலுக்கு எது நடந்தாலும் ஒன்றுதான், நடக்கிற காலுக்கு எது நல்லதோ அதைச் சொல் என்றிருக்கிறாள் அவள்.

கூட்டம் நடுவட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. மேடையில் போக்குவரத்து அலுவலர், வருவாய்த் துறையிலிருந்து ஒருவர். பக்கத்தில் சின்ன மேசை போட்டு நான். ஊட்டியிலிருந்து ஓட்டல்காரர்கள் வந்திருந்தார்கள். கடைக்காரர்கள், லாரி டிரைவர்கள், படகர் இன விவசாயிகள் சிலர். பின்வரிசை முழுவதும் லயத்துப் பெண்கள். அங்கம்மா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோலோடு ரேணுகா.

முதலில் மளிகைக் கடை ஆறுமுகசாமி பேசினார். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். நடுவட்டத்தில் முப்பது வருஷமாகக் கடை.

“ஏனுங்க, தேயிலை போச்சு, இனி டூரிஸ்ட்டுதான் சோறு போடோணும். இங்க ஊர்ந்து போகச் சொன்னா அவங்க மசினகுடி, கல்லட்டின்னு அந்தப் பக்கமாப் போயிருவாங்க. நாங்க கடையச் சாத்திட்டு ஊடு பாத்துப் போறதுதான்” என்றார். பொய்யில்லை. அவர் கடையில் முன்பு மூன்று பேர் வேலை செய்தார்கள். இப்போது அவர் ஒருவர்தான்.

ஓட்டல்காரர்களும் அதையே இன்னும் நீட்டிச் சொன்னார்கள். விவசாயிகளில் ஒருவர் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும், என் மாடு செத்தது என்றார். பிறகு பொன்ராஜ் எழுந்தார். மேடையைப் பார்த்துப் பேசாமல் கீழே பார்த்துக்கொண்டே, தன் இரண்டு நடையைப் பற்றிச் சொன்னார். எத்தனை பேரை ஏற்றுகிறாய் என்று போக்குவரத்து அலுவலர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், அளவுக்கு மேல் ஆளேற்றியதற்காக அன்றே வண்டியைப் பிடித்திருக்க வேண்டும். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

அங்கம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைத் தொடவில்லை. தேவையும் இருக்கவில்லை, ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குப் பேசிப் பழகிய குரல்.

“ஐயா, மொதல்ல எங்கள கேட்டதுக்குக் கும்புடுறேன். எம்மக ரேணுகாவ அடிச்ச வேனும் வேகமாத்தான் போச்சு. அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பொன்ராஜு தம்பியும் வேகமாத்தான் போச்சு. ரெண்டும் ஒரே ரோடு. அதனால தம்பிய எதுத்துக் கதைக்க எனக்கு ஏலாது.”

பொன்ராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆனா ரோட்டுல வேகத்தக் கொறைக்கத்தான் வேணும். அப்பறம் ஒரு நடைதான் போகும், பாதிப் பேருக்கு வேல இல்ல. அதுவும் நெசம். பாதிப் பேரு சும்மா கெடக்கறதுக்கு, எல்லாருமே பாதி நாளு போவோம். இன்னைக்கிப் போனவ நாளைக்கி நிக்கட்டும். இது என் கருத்து.”

அலுவலர் நன்றி சொல்லி உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“இன்னும் முடியலீங்கய்யா. இது நான் நெனச்சது. இவங்கள கேக்கணுமில்ல.”

சொல்லிவிட்டு மேடைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். பின்வரிசையில் முதலில் இருந்த பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து, நீ என்ன சொல்கிறாய் என்றார். சின்னம்மை என்ற அந்தப் பெண் தடுமாறி எழுந்து, முறை வைத்துக்கொள்ளலாம், நான் சம்மதிக்கிறேன் என்றாள். அடுத்தவளைக் கேட்டார். அடுத்தவளை. கூட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. யாரும் எழவில்லை. வீட்டில் அடுப்பு எரிவது அன்றன்றைய கூலியில்தான் என்ற நிலையில் இருந்த பெண்கள். அதில் பாதியை விட்டுத்தருகிறேன் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து, தன் பெயரைச் சொல்லி, அதைச் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

வேலாயியின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றாள். கணவன் இல்லாதவள், பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். “எனக்கு ஏலாதுக்கா. பாதி நாளு கூலியில எம்புள்ளைங்களுக்குக் காணாது” என்றாள்.

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அங்கம்மா கையை உயர்த்தி அதை அடக்கினார். என் பக்கம் திரும்பினார்.

“அதையும் எழுதிக்கங்கம்மா. வேலாயிக்கு ஏலாது.”

எழுதினேன். அப்போதுதான் ராஜகுமாரி எழுந்தாள். வேலாயியும் அவளும் குழாயடிச் சண்டையில் பேச்சை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் வேலாயியைப் பார்க்காமல் அலுவலரைப் பார்த்துச் சொன்னாள். “எம்மவன் திருப்பூருல இருந்து அனுப்புறான், எனக்குப் போதும். என் மொறைய அவளே எடுத்துக்கட்டும்.” சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய அணைக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. அலுவலர் பேனாவை மூடி வைத்தார். பொன்ராஜ்தான் கடைசியாகப் பேசினார். நான் ஒரு நடையே ஓட்டிக்கொள்கிறேன் என்றார். ஆறுமுகசாமி தன் எதிர்ப்பைத் திரும்பப் பெறவில்லை. அவருக்கு அவர் கடை இருந்தது. ஆனால் கூட்டம் கலைந்து வெளியே வந்தால், அத்தனை பெண்களுக்கும் டீ போடச் சொல்லிவிட்டு மழையில் குடையில்லாமல் அவரே கிளாஸ்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி வாக்கில் ஆணை வந்தது. சிலர் கேட்டதுபோலச் சாலை முழுவதற்கும் இல்லை. லயங்கள் இருக்கும் பகுதிக்கு மட்டும் இருபது. இரண்டு முனையிலும் பலகை நட்டார்கள். பெண்கள் முறை வைத்து வேலைக்குப் போனார்கள். பொன்ராஜ் பகலில் கேரட் மூட்டை ஏற்றி இழந்ததைக் கொஞ்சம் ஈடுகட்டினார்.

ஆனால் பனியில் பலகையை யார் பார்க்கிறார்கள்? வண்டிகள் பழைய வேகத்திலேயே வந்தன. நாங்கள் அலுவலகத்தில் காவல்துறைக்குக் கடிதம் எழுதலாமா என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், கூடலூரில் ஒரு வேலைக்காக அதிகாலைப் பஸ்ஸில் கிளம்பினேன். லயத்து வளைவுக்கு வந்ததும் டிரைவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். எட்டிப் பார்த்தேன். சாலையோரமாகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கொழுந்தெடுக்கும்போது நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படுதாக்கள், நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, அவர்கள் தோள்களில். பனிக்குள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வளைவு முழுக்க நின்றார்கள். நான் நடத்துநரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று முறை இல்லாதவர்கள் அவர்கள். வேலையில்லாத காலையில் வீட்டில் படுத்திருக்கலாம். முறை உள்ளவர்கள் நடந்து போய் ஜீப் ஏறும்வரை, பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சாலையைக் கடக்கும்வரை நிற்பார்களாம். யாரும் சொல்லி வந்ததில்லை. முதல் நாள் இரண்டு பேர் நின்றார்கள், பிறகு எல்லாரும் என்றார் அங்கம்மா. அவரும் நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோலை ஊன்றி ரேணுகாவும்.

அப்போது கர்நாடக லாரி ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. விளக்கு வெளிச்சம் பெண்கள் மேல் விழுந்ததும் பிரேக் அலறி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, ஏதாவது விபத்தா என்று கன்னடத்தில் கேட்டார். அங்கம்மா இத்தனை வருஷத்தில் கற்றிருந்த அரைகுறைக் கன்னடத்தில், ஒன்றுமில்லை, பிள்ளைகள் நடக்கிற இடம், மெதுவாகப் போங்கள் என்றார். அந்த மனிதர் வரிசையின் இந்த முனையிலிருந்து பனியில் கரைகிற அந்த முனைவரை பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, மனிதர் நடக்கிற வேகத்தில் லாரியை உருட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நின்றார்கள். வண்டிக்காரர்களுக்குப் பழகிவிட்டது. அதன் பிறகு நான் அங்கே இருந்த வருஷங்களில் அந்த வளைவில் யாரும் அடிபடவில்லை. தேயிலை விலை மெல்ல ஏறி, எஸ்டேட்டில் வாரம் முழுக்க வேலை திரும்பியபோது அங்கம்மா சரிவுக்குப் போய்விட்டார். காடாகிவிட்ட செடிகளை வெட்டித் தரையோடு இறக்கியிருந்தார்கள். அவை துளிர்க்க இரண்டு மழைக்காலம் ஆனது. ரேணுகாவுக்குச் செயற்கைக் கால் கிடைத்து, எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலையும் கிடைத்தது. எனக்கு அன்னூருக்கு மாற்றல் வந்தபோது சொல்லிக்கொள்ளப் போனேன். அங்கம்மா கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, மடியிலிருந்த கொய்யாப்பழத்தை என் கையில் வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, சளி பிடிக்கும் என்றார்.